கார்பரேட்டர் ஸ்க்ரூவும் போடிமெட்டு ஏற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போடிநாயக்கனூரில், முந்தல் போகிற வழியில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் ஓய்ந்ததும் பைக்குகள் வர ஆரம்பிக்கும். பாதி நம்ம ஊர் வண்டி, பாதி பூப்பாறை, சாந்தன்பாறை, சூரியநெல்லியில் இருந்து போடிமெட்டு மலைப்பாதையில் இறங்கி வரும் கேரளா நம்பர் வண்டி. கேள்வி மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்: "அண்ணே, அந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகி விடுங்க." காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டரில் இருக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூ அது. அதைப் பற்றித்தான் இது. கார்பரேட்டர் வைத்த சின்ன வண்டிகளுக்கு மட்டும் பொருந்தும்.

மிக்ஸ்சர் என்கிறீர்களே, அது எக்ஸ்எல் வண்டியில் ஊற்றும் ஆயில் கலவையா?

இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. பழைய எக்ஸ்எல் சூப்பர் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு ஆயில் கலப்பது வேறு கதை. இங்கே மிக்ஸ்சர் என்றால் இன்ஜினுக்குள் போகும் காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவு. சுத்தமான பெட்ரோல் 1 கிராம் முழுசாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று அதற்கு மேல் போனால் லீன், பெட்ரோல் கூடினால் ரிச். எங்கள் பட்டறைப் பேச்சில் 'பெட்ரோல் கம்மி', 'பெட்ரோல் ஜாஸ்தி'.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கணக்கு எடைக் கணக்கு, லிட்டர் கணக்கு அல்ல. மலை ஏறும்போது வரும் கூத்தெல்லாம் இதனால்தான். பின்னால் சொல்கிறேன்.

கார்பரேட்டரில் இரண்டு ஸ்க்ரூ தெரிகிறதே, எதைத் திருகுவது?

ஒன்று பெரிய தலையோடு, சிலதில் ஸ்பிரிங் வெளியே தெரிகிற மாதிரி, கையாலேயே திருகும்படி இருக்கும். அது ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூ; ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் சுற்றும் வேகத்தைத்தான் ஸ்லோ ஸ்பீடு என்கிறோம். கார்பரேட்டருக்கு உள்ளே ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் பிஸ்டன் வால்வை எவ்வளவு தூக்கி நிறுத்துவது என்பது மட்டும்தான் அதன் வேலை. கலவைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இன்னொன்று சின்னதாக, ஒரு குழிக்குள் புதைந்து, பித்தளை நிறத்தில் இருக்கும். அதுதான் மிக்ஸ்சர் ஸ்க்ரூ. சில வண்டிகளில் அதன் மேல் கம்பெனியே ஒரு தொப்பி போட்டிருக்கும். இன்னும் சிலதில் தலை ஆங்கில 'D' எழுத்து வடிவத்தில் இருக்கும். சாதாரண ஸ்க்ரூ டிரைவர் நுழையாது. யாரும் சும்மா திருகிவிடக்கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். கம்பெனிக்காரன் நம் ஊரைப் பார்த்துவிட்டுத்தான் செய்தான் போல.

வெளியே திருகினால் பெட்ரோல் கூடுமா, குறையுமா? ஒருவர் கூடும் என்கிறார், ஒருவர் குறையும் என்கிறார்.

இருவர் சொல்வதும் சரிதான், வண்டியைப் பொறுத்து. ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ: காற்றுப் பாதையைத் திறந்து மூடும். வெளியே திருகினால் காற்று கூடும், கலவை லீன் ஆகும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் ஸ்க்ரூ: வெளியே திருகினால் பெட்ரோல் கூடும், கலவை ரிச் ஆகும். நடுவில் நிற்கும் பிஸ்டன் வால்வை எல்லைக்கல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி சரியாக ஓடவில்லை. நேரே ஸ்க்ரூவில் கை வைக்கலாமா?

வேண்டாம். நான் ஸ்க்ரூவைத் தொடுவது கடைசியில்தான். முதலில் ஏர் ஃபில்டர். தோட்டத்து மண் ரோட்டில் ஓடுகிற வண்டியின் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் ஒரு கைப்பிடி செம்மண் விழும். அது அடைத்திருந்தால் கலவை தானாகவே ரிச் ஆகிவிடும். அதைப் பார்க்காமல் ஸ்க்ரூவில் சரி செய்தால், அடுத்த மாதம் ஃபில்டர் மாற்றும்போது எல்லாம் தலைகீழாகும். அப்புறம் பிளக், டேப்பட் இடைவெளி, ஆக்சிலேட்டர் கேபிளில் கொஞ்சம் ப்ளே, அதாவது தளர்வு, இருக்கிறதா என்பது.

அடுத்து முக்கியமானது, கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு. அந்த ரப்பரில் வெடிப்பு விட்டிருந்தாலோ ஓ-ரிங் தட்டையாகிப் போயிருந்தாலோ, கார்பரேட்டருக்குத் தெரியாமல் காற்று உள்ளே திருடும். ஸ்லோ ஸ்பீடு ஏறி இறங்கும், ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் கீழே இறங்க நேரம் பிடிக்கும். வண்டியை ஸ்லோவில் விட்டு, சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு அந்த இணைப்பைச் சுற்றித் தடவுங்கள். சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். சிலர் இதற்குப் பெட்ரோலையே பீய்ச்சுவார்கள். சூடான சைலன்சருக்கு ஒரு சாண் தள்ளிப் பெட்ரோலைத் தெளிப்பவர்களுக்கு நான் என்ன சொல்ல?

சரி, எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது எப்படி செட் செய்வது?

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் வைக்கிற செட்டிங் சூடானதும் பொய்யாகிவிடும். குளிரில் ஸ்டார்ட் செய்யக் கலவையை ரிச் ஆக்கும் சோக் முழுக்க விடுபட்டிருக்க வேண்டும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில், திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இன்ஜினை அணைத்துவிட்டு மிக்ஸ்சர் ஸ்க்ரூவை உள்ளே திருகுங்கள், ஆனால் எண்ணிக்கொண்டே. ஒன்று, ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றே முக்கால்... அடியில் மெதுவாகத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். அந்த எண்ணைச் சுவரிலோ உள்ளங்கையிலோ எழுதுங்கள். அதுதான் நீங்கள் திரும்பி வர வழி. பிறகு அதே எண்ணுக்கு வெளியே எடுத்து வையுங்கள். யாரோ ஏற்கெனவே கன்னாபின்னாவென்று திருகிவைத்த வண்டி என்றால் ஒன்றரையில் ஆரம்பியுங்கள். பெரும்பாலான சின்ன வண்டிகள் ஒன்றுக்கும் இரண்டரைக்கும் நடுவில்தான் எங்கேயாவது நிற்கும்.

இப்போது ஸ்டார்ட் செய்து, ஸ்லோ ஸ்பீடைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருகி, ஐந்தாறு விநாடி காத்திருங்கள். இன்ஜின் உடனே பதில் சொல்லாது; அவசரப்பட்டுத் திருகிக்கொண்டே போகிறவருக்கு எந்த இடம் நல்ல இடம் என்று கடைசிவரை தெரியாது. ஒரு பக்கம் போகப் போக ரேஸ் ஏறும், ஓர் இடத்தில் உச்சத்துக்கு வரும், அதைத் தாண்டினால் சத்தம் தடித்துத் திணற ஆரம்பிக்கும், அல்லது விட்டு விட்டு அடிக்கும். அந்த உச்சத்துக்குத் திரும்புங்கள். உச்சம் ஒரு புள்ளியாக இல்லாமல் அரைச் சுற்று அகலத்துக்கு இருந்தால் அதன் நடுவில் வையுங்கள். பிறகு ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைக் குறைத்து வழக்கமான அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்ப்ளெண்டர் வகை வண்டிக்கு நிமிடத்துக்கு 1,400 சுற்று. மீட்டர் இல்லையென்றால் காதுதான். அணையாமல், துள்ளாமல், சீராக அடித்தால் போதும். குறைத்த பிறகு மறுபடி மிக்ஸ்சர் ஸ்க்ரூவை அரைக்கால் சுற்று இரு பக்கமும் ஆட்டிப் பாருங்கள், உச்சம் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

கடைசியில் ஆக்சிலேட்டரை வெடுக்கென்று திருகுங்கள். தயங்காமல் எழுந்தால் சரி. ஒரு கணம் மூச்சை அடக்கிவிட்டு எழுந்தால் லீன்; அரைக்கால் சுற்று பெட்ரோல் பக்கம் கொடுங்கள்.

அடியில் தொட்டதும் இன்னும் கொஞ்சம் டைட் வைத்தால் என்ன ஆகும்?

நான் தொழில் பழகிய காலத்தில் செய்து பார்த்துவிட்டேன், நீங்கள் செய்ய வேண்டாம். ஸ்க்ரூவின் முனை ஊசி மாதிரிக் கூம்பாக இருக்கும், உடம்பு வெறும் அலுமினியம். ஒரு பெரியவரின் ஆர்எக்ஸ் 100 வண்டி. ஸ்க்ரூப் பயல் நம்மை மதிக்க வேண்டும் என்று ஒரு அழுத்து அழுத்தினேன். 'டக்' என்று சின்னச் சத்தம். வெளியே எடுத்தால் முனை இல்லை, ஓட்டைக்குள் மாட்டிக்கொண்டுவிட்டது. எங்கள் மேஸ்திரி ஒன்றும் திட்டவில்லை. மூன்று மாதச் சம்பளத்தில் கார்பரேட்டருக்குப் பிடித்தார். அந்த ஒடிந்த ஸ்க்ரூ இன்னும் என் டூல்ஸ் பெட்டியில் கிடக்கிறது.

லீனா ரிச்சா என்று ஓட்டும்போதே கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு, சோக் இருக்கிறதே. சமதளத்தில் வண்டி திணறும்போது சோக்கைப் பாதி இழுத்து நான்கைந்து விநாடி பாருங்கள். தெளிந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். இன்னும் மோசமானால் ஏற்கெனவே ஜாஸ்தி.

மற்ற அடையாளங்கள்: சூடான பிறகும் சோக் கேட்கிறது, ஆக்சிலேட்டரை மூடும்போது சைலன்சரில் பட்பட் என்று வெடிக்கிறது, இன்ஜின் தொடமுடியாமல் கொதிக்கிறது என்றால் லீன். கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, காலையில் நன்றாக ஓடிச் சூடானதும் மந்தமாவது இதெல்லாம் ரிச். பிளக்கைக் கழற்றினால் வெளிர் பழுப்பு, கிட்டத்தட்டப் பால் கூடின டீ நிறம் இருந்தால் நல்லது. கரி படிந்தால் ரிச், சுண்ணாம்பு மாதிரி வெளுத்தால் லீன். ஆனால் ஸ்லோவில் நின்றுகொண்டிருந்த வண்டியின் பிளக் எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும். தேனி ரோட்டில் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி, ஓரமாக நிறுத்தி, அங்கேயே கழற்றிப் பார்த்தால்தான் அது உண்மை பேசும்.

போடியில் நன்றாக ஓடும் வண்டி, மெட்டு ஏறும்போது இழுக்க மாட்டேன் என்கிறது. ஸ்க்ரூதானே காரணம்?

பூப்பாறைப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் முதல் தடவை வந்தபோது, "வண்டி வலிக்குந்நில்லா சேட்டா" என்றார். நான் "வலிக்கவில்லையென்றால் நல்லதுதானே" என்றேன். மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னால் இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு அந்தப் பதினேழு கொண்டை ஊசி வளைவையும் ஏற வேண்டியவர் அவர்.

விஷயத்துக்கு வருகிறேன். போடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரம். போடிமெட்டு 1,300 மீட்டருக்கு மேல். இந்த ஓராயிரம் மீட்டரில் காற்று ஏறக்குறைய 10 சதவீதம் மெலிந்துவிடுகிறது. இன்ஜின் ஒவ்வொரு முறையும் அதே கொள்ளளவுக் காற்றைத்தான் உறிஞ்சுகிறது, ஆனால் அதன் எடை குறைந்துவிடுகிறது. எரிக்கக் காற்று குறைந்தால் சக்தியும் அதே அளவு குறையும். எட்டுக் குதிரை சக்தி வண்டி மேலே போனதும் ஏழே கால் ஆகிவிடுகிறது. இதை எந்த ஸ்க்ரூவாலும் திருப்பித் தர முடியாது. இல்லாத காற்றைக் கார்பரேட்டர் எங்கே போய் வாங்கிவரும்?

இரண்டாவது, கலவையும் மாறுகிறது. கார்பரேட்டரின் குறுகிய தொண்டையில் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைந்து, அந்த இழுப்பில் பெட்ரோல் மேலே வருகிறது. காற்று 10 சதவீதம் மெலிந்தால் அந்த இழுப்பும் 10 சதவீதம் குறையும். ஆனால் ஜெட் என்னும் சின்ன ஓட்டை வழியாக வரும் பெட்ரோல், இழுப்பின் வர்க்கமூலத்துக்குத் தக்கபடிதான் குறையும், அதாவது சுமார் 5 சதவீதம். காற்று 10 குறைந்தது, பெட்ரோல் 5 மட்டும் குறைந்தது. ஆகக் கலவை 5 சதவீதம் ரிச். ஆயிரம் மீட்டருக்கு இவ்வளவுதான். நல்ல நிலைமையில் இருக்கும் வண்டி இதைத் தாங்கும். மெட்டில் வண்டி அடியோடு படுத்துவிடுகிறது என்றால் ஏர் ஃபில்டர் அடைப்பு, கிளட்ச் வழுக்கல், தேய்ந்த பிஸ்டன் ரிங் இப்படி ஏதோ ஒன்று கீழேயே இருந்திருக்கிறது. சமவெளியில் அது மறைந்து நின்றது, மலை காட்டிக்கொடுத்துவிட்டது.

பாதி ஏற்றத்தில் நின்று, ஐந்து நிமிடம் கழித்து தானாக ஓடினால் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால், மூடியில் இருக்கும் மூச்சுத் துவாரம் அடைத்திருக்கிறது. துடைத்துவிட்டால் தீர்ந்தது. இதற்காக ஒருவர் கார்பரேட்டரையே மாற்றிவிட்டு வந்தார்.

அப்படியானால் மேலே போய் மலைக்காற்றிலேயே செட் செய்துகொள்ளலாமே?

நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மூணாறிலோ தேவிகுளத்திலோ இருந்து, மாதத்துக்கு ஒரு தடவைதான் கீழே வருகிறீர்கள் என்றால் தாராளமாக அங்கேயே செட் செய்யுங்கள். தினமும் ஏறி இறங்குகிறவர் கீழேதான் செட் செய்ய வேண்டும். கீழே வைத்த செட்டிங் மேலே போனால் கொஞ்சம் சோம்பும், பெட்ரோல் சற்றுக் கூடக் குடிக்கும், அவ்வளவே. மேலே ஸ்க்ரூவோடு, அடுத்துச் சொல்லப்போகும் நீடிலையும் குறைத்து வைத்த செட்டிங்கோடு சித்திரை வெயிலில் தேனி ரோட்டில் 70 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கலவை லீனாகி இன்ஜின் கொதிக்கும். ஆர்எக்ஸ் மாதிரி டூ ஸ்ட்ரோக் என்றால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. சோம்புகிற வண்டியைத் திட்டிக்கொண்டே வீடு போய்ச் சேரலாம்.

ஸ்க்ரூவை எவ்வளவு மாற்றினாலும் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லையே?

தெரியாது. அந்த ஸ்க்ரூவின் ஆட்சி ஸ்லோவில் இருந்து ஆக்சிலேட்டரைக் கால்வாசி திறக்கும்வரைதான். அதிலிருந்து முக்கால்வாசிவரை, பிஸ்டன் வால்வில் தொங்கும் ஊசியான நீடில் பார்த்துக்கொள்ளும். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எந்த இடத்தில் திணறுகிறது என்று தெரிந்துகொள்ள ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். பாதி திறப்பில் அடைக்கிற வண்டியை மிக்ஸ்சர் ஸ்க்ரூவில் சரிசெய்யப் பார்ப்பது, பல்வலிக்கு முழங்காலில் தைலம் தேய்ப்பது போல.

நீடிலில் பொதுவாக ஐந்து காடி வெட்டியிருக்கும், நடுக் காடியில் ஒரு கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை மேல் காடிக்கு மாற்றினால் நீடில் கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். கீழ் காடிக்கு மாற்றினால் நீடில் தூக்கும், பெட்ரோல் கூடும். மூணாறில் நிரந்தரமாக ஓடும் வண்டிக்குக் கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றினால் பலருக்கு நன்றாக வருகிறது. ஒரு காடிக்கு மேல் நான் போவதில்லை. அந்தக் கிளிப் அரைக் கடலை அளவுதான் இருக்கும். கழற்றும்போது துள்ளிவிழுந்தால் மண்ணில் தேட முடியாது. கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள்.

மெயின் ஜெட்டை மாற்றுவது, சைலன்சரோ ஏர் ஃபில்டரோ மாற்றியவர்கள் பாடு. சாதாரண வண்டிக்குத் தேவை இல்லை. ஜெட் அடைத்தால் கிளட்ச் கேபிளில் ஓர் இழையை உருவி அதைக் குத்திச் சுத்தம் செய்கிறார்கள். ஜெட் பித்தளை, அந்த இழை எஃகு. நான்கு தடவை குத்தினால் ஓட்டை அகலமாகி, 'புதிதாக மைலேஜ் குறைந்துவிட்டது' என்று வருவார்கள். காற்றடித்தே சுத்தம் செய்யுங்கள். போகவில்லை என்றால் பெட்ரோலில் ஓர் இரவு ஊறப்போட்டு மறுபடி காற்று அடியுங்கள்.

மைலேஜுக்காக லீன் பண்ணித் தருவீர்களா?

மாட்டேன். மேலே சொன்னதே காரணம்: வண்டி ஓடும் நேரத்தில் பெரும்பகுதி நீடில் கையில் இருக்கிறது. மிக்ஸ்சர் ஸ்க்ரூவை லீன் பக்கம் வைத்து மிச்சமாவது, சிக்னலில் நிற்கும் நேரத்துப் பெட்ரோல். போடியில் எத்தனை சிக்னல்? டயர் காற்று, செயின், பிரேக் உரசாமல் சக்கரம் சுற்றுவது, இந்த மூன்றும் தருவதில் பாதிகூட அந்த ஸ்க்ரூ தராது.

மார்கழியில் மேலே காலையில் ஸ்டார்ட்டே ஆவதில்லை. கலவை கெட்டுவிட்டதா?

கெடவில்லை. குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. சோக் இருப்பதே அதற்காகத்தான். முழு சோக் இழுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் உதையுங்கள். எரிந்ததும் பாதி, இரண்டு நிமிடத்தில் முழுதும் விடுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. போடியில் 35 டிகிரி மதிய வெயில் காற்றையும், மூணாறில் 10 டிகிரி காலைக் காற்றையும் எடைபோட்டால் வித்தியாசம் ஏறக்குறைய 5 சதவீதம்தான். அழுத்தத்தில் மலை எடுத்துக்கொண்டதில் பாதிக்கு மேல் குளிர் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் காலையில் மேலே வண்டி ஜோராக ஓடுகிறது, மதியம் அதே ரோட்டில் முனகுகிறது. மதியம் முனகுகிறதே என்று ஸ்க்ரூவைத் தொட்டால் மறுநாள் காலை ஸ்டார்ட் ஆகாது. இரண்டு தடவை வந்துவிட்டுப் போவீர்கள், கூலி எனக்கு.

மழைக்காலத்தில் மட்டும் மிஸ்ஸிங் வருகிறது.

ஆனி, ஆடியில் மேற்குப் பக்கம் மழை பிடித்தால் எனக்கு இதே வேலைதான். கார்பரேட்டர் அடியில் இருக்கும் கிண்ணத்தில் ஒரு டிரெயின் ஸ்க்ரூ உண்டு. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கீழே ஒரு கண்ணாடி டம்ளரைப் பிடித்து அதைத் திறங்கள். பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு, கண்ணாடியைச் சாய்த்தால் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஓடும். அந்த ஒரு முத்து ஜெட்டில் போய் அடைத்தால் போதும், வண்டி நின்றுவிடும். டேங்கிலேயே தண்ணீர் இருந்தால் அதையும் வடிக்க வேண்டும். இதற்கும் ஸ்க்ரூவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

சரிவில் நிறுத்தினால் பெட்ரோல் ஒழுகுகிறது.

தோட்டத்து லயன் வீடுகளுக்கு முன்னால் சமதளம் எங்கே இருக்கிறது? வண்டி அளவுக்கு மேல் சாய்ந்தால் கிண்ணத்தில் மிதக்கும் ஃப்ளோட் சரியாக மூடாமல் பெட்ரோல் வழியும். நிறுத்தும்போது டேப்பை மூடும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பிக்கப் வேனில் ஏற்றி அனுப்பினாலும் அப்படியே. சமதளத்திலும் ஒழுகினால் ஃப்ளோட் ஊசியில் தூசி மாட்டியிருக்கும் அல்லது ஊசி தேய்ந்திருக்கும். அப்போது எல்லா வேகத்திலும் ரிச்சாகவே ஓடும்.

இறக்கத்தில் சைலன்சர் வெடிக்கிறதே?

ஆக்சிலேட்டரை மூடி, கியரில் இறங்கும்போது இன்ஜினுக்குப் போவது ஸ்லோ ஜெட் பெட்ரோல் மட்டும். அது லீனாக இருந்தால் எரியாமல் போய்ச் சைலன்சரில் வெடிக்கும். லேசாக ஒன்றிரண்டு வெடித்தால் விடுங்கள். தொடர்ந்து வெடித்தால், சைலன்சர் இன்ஜினில் சேரும் இடத்து கேஸ்கட்டை முதலில் பாருங்கள், அப்புறம் ஸ்க்ரூ.

பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டே மெட்டில் இருந்து முந்தல்வரை வராதீர்கள். பெட்ரோல் போகவில்லை என்றால் ஆயிலும் போகாது. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தடவை கிளட்ச்சைப் பிடித்து லேசாக ரேஸ் கொடுங்கள். இன்னொன்று, 'நல்லதுக்கு' என்று ஆயிலைக் கூட ஊற்றினால் பெட்ரோலின் பங்கு குறைந்து கலவை லீன் ஆகும். கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவே அளவு.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு செட்டிங் மாற்ற வேண்டுமா?

எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 14.7க்குப் பதில் சுமார் 13.5 கிராம் காற்று போதும். பழைய செட்டிங்கில் ஓட்டினால் கலவை 7, 8 சதவீதம் லீன் பக்கம் போகிறது. அதனால் முன்பு ஒன்றரைச் சுற்றில் நன்றாக இருந்த வண்டி இப்போது கால் சுற்று கூடப் பெட்ரோல் கேட்கலாம். மறுபடி உச்சம் தேடி வைத்தால் போதும். மலைமேல் ரிச் ஆகும் 5 சதவீதத்தை இந்த லீன் கொஞ்சம் சமன் செய்துவிடுகிறது என்பதால், மேல் பக்கத்து ஆட்கள் இதைப் பற்றி அதிகம் புகார் சொல்வதில்லை. ஆனால் எத்தனால் தண்ணீரை உறிஞ்சும், பழைய ரப்பர் டியூபை இளக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கிண்ணத்தை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

புகைச் சான்றிதழில் ஃபெயில் ஆகிவிட்டது.

அங்கே அளப்பது ஸ்லோவில் வரும் புகையை. அதனால் இந்த ஒரு இடத்தில் மட்டும் ஸ்க்ரூதான் ராஜா. 2000 மார்ச் 31க்குப் பிறகு தயாரான பழைய நாலு ஸ்ட்ரோக் வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 4,500 பங்கு) என்பது வரம்பு. கார்பன் மோனாக்சைடு கூடினால் ரிச். ஃபில்டரைச் சுத்தம் செய்து, லீன் பக்கம் கால் சுற்று கொடுங்கள். ஹைட்ரோகார்பன் மட்டும் கூடினால் எங்கோ எரியாமல் போகிறது. பிளக்கைப் பாருங்கள். சூடான இன்ஜினோடு போய் நில்லுங்கள்; பாதிப் பேர் ஃபெயிலாவது குளிர்ந்த வண்டியோடு போய்த்தான்.

என் வண்டி 2021 மாடல். எவ்வளவு தேடியும் அந்த ஸ்க்ரூவைக் காணோம்.

2020 ஏப்ரல் 1ஆம் தேதி பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்பரேட்டரே இல்லை, பியூயல் இன்ஜெக்‌ஷன்தான். மலை ஏறினால் சென்சார் காற்றழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். தேடாதீர்கள், கண்ணில் பட்ட வேறு ஏதாவது ஸ்க்ரூவைத் திருகிவிட்டு என்னிடம் வராதீர்கள்.